மாலை போட்ட படம்

மே 3, சனி

நாகப்பட்டினம் வந்து சேர்ந்தோம். நாளை அக்னி நட்சத்திரம் ஆரம்பம், திங்கட்கிழமை ஷூட்டிங் ஆரம்பம். தயாரிப்பாளர் ஜாதகத்தைப் பார்த்துத் தேதி குறித்தார், வெயிலைப் பார்க்கவில்லை. கடலோரம் ஒரு பழைய பள்ளிக்கூடம். கோடை லீவு என்பதால் மூன்று வாரத்துக்கு எங்களுக்கு விட்டிருக்கிறார்கள்.

படத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. குடும்பத்தோடு பார்க்கிற காமெடிப் படம் என்று சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார் திடீரென்று இறந்துபோகிறார். போட்டிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிற ஒருவரின் குரலைக் கேட்டு, ஹெட்மாஸ்டர் அவரையே இழுத்து வந்து வாத்தியாராக உட்கார வைக்கிறார். ஏலக்காரராக நடிப்பவர் பச்சையப்பன். அவர் சும்மா நின்றாலே எனக்குச் சிரிப்பு வரும். பன்னிரண்டு பிள்ளைகள் சென்னையிலிருந்து வந்திருக்கிறார்கள். பன்னிரண்டு அம்மாக்களும் கூடவே வந்திருக்கிறார்கள், அதுதான் கொடுமை.

என் வேலை கன்டினியூட்டி. இன்றைக்கு எடுக்கிற ஷாட்டில் சட்டையின் இரண்டாவது பொத்தான் திறந்திருந்தால், நாலு நாள் கழித்து எடுக்கிற அடுத்த ஷாட்டிலும் அது திறந்திருக்க வேண்டும். நான் பார்த்து, போட்டோ எடுத்து, நேரத்தோடு ரிப்போர்ட்டில் எழுதுவேன். பதினெட்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. டைரக்டர் இளமாறனுக்கு முப்பது வயசு, என்னை அக்கா என்பான். தினமும் பேக்கப் சொல்வதற்கு முன்னால், "வனஜாக்கா, ஏதாவது பாக்கி இருக்கா?" என்று கேட்பான். நான் இல்லை என்றால்தான் லைட்டை அணைப்பார்கள். அந்த ஒரு நிமிஷம் நான்தான் ராணி.

ரிப்போர்ட் வேறு, டயரி வேறு. ரிப்போர்ட்டில் நான் பொய் எழுதியதே இல்லை.

மே 5, திங்கள்

காலையில் பூஜை. மதியத்துக்குள் முதல் ரகளை.

வகுப்பறைச் சுவரில் இறந்துபோன வாத்தியாரின் படம் மாலையோடு தொங்க வேண்டும். ஏலக்காரர் ஒவ்வொரு தடவை சொதப்பும்போதும் திரும்பிப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க சார்" என்பார். அதனால் எல்லா வகுப்பறை சீனிலும் அந்தப் படம் உண்டு. போட்டோ கொடுப்பதாக ஒப்புக்கொண்ட துணை நடிகர் காலையில் போன் செய்து, "வீட்ல அழுவுறாங்க சார், என்னை விட்டுருங்க" என்று கழன்றுகொண்டார்.

குற்றம் சொல்ல முடியாது. உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு மாலை போட்டால் எங்கள் தொழிலில் அதற்கொரு கணக்கு உண்டு. பிணமாக நடித்தவருக்கும் அதேதான். எடுத்து முடித்ததும் பூசணிக்காய் உடைத்து, அந்த ஆளைக் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வைத்து ஒரு ஷாட் எடுத்துவிட வேண்டும். அந்தச் சிரிப்பு பதிவானால்தான் மாலை கழியும். எவ்வளவு படித்த டைரக்டரும் இதில் கை வைக்க மாட்டான்.

இளமாறன் கம்ப்யூட்டரில் ஒரு முகம் செய்துவிடலாம் என்றான். பச்சையப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. "அது யார் முகத்துல போயி முடியுமோ! பொறக்காத ஆளுக்கிட்ட நான் எப்பிடிங்க மன்னிப்புக் கேக்குறது?"

அப்போதுதான் ஆர்ட் டிபார்ட்மென்ட் சூசை என் பக்கம் திரும்பினான். "அக்கா, உங்க வீட்டுக்காரர் ஹார்மோனியம் வாசிப்பாருன்னு சொல்லியிருக்கீங்கள்ல? தவறிப்போனவர் படம்னா ஒரு பயமும் இல்ல. அவருக்கும் ஒரு மரியாதையா இருக்கும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்பாகத்தான் பார்த்தார்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். போனில் பழைய படம் ஒன்று இருந்தது. கொடுத்துவிட்டேன்.

மே 6, செவ்வாய்

படம் பெரிதாகப் பிரிண்டாகி, பிரேம் போட்டு வந்துவிட்டது. சிங்காரவேலு, முப்பத்தைந்து வயசு, இழுத்து மூடிய வாய், நேராகப் பார்க்கிற கண். முதல் மாலையை என் கையாலேயே போடச் சொன்னார்கள். பிளாஸ்டிக் சாமந்திதான். டைட்டிலில் "அமரர் சிங்காரவேலுவுக்கு நன்றி" என்று போடப்போவதாக இளமாறன் சொன்னான். மேக்கப் ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ரிப்போர்ட்: சீன் 14, ஷாட் 1. மாலை ஏறிய நேரம் காலை 9.32.

மே 7, புதன்

கேண்டீன் சாம்பாரில் முருங்கைக்காய் இருந்தது, சாம்பார்தான் இல்லை.

பிள்ளைகள் பாடுகிற காட்சி எடுத்தோம். பாட்டு ஏற்கெனவே சென்னையில் பதிவானது. ஸ்பீக்கரில் ஓடும், அதற்கு வாயசைத்தால் போதும். நேற்றுவரை ஒழுங்காகச் செய்த பிள்ளைகள் இன்று ஒரு தாளம் பின்னால் ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு பேரும் ஒன்றாக. ஒருத்தி பிந்தினால் புரிகிறது, பன்னிரண்டும் சேர்ந்து எப்படிப் பிந்தும்? டான்ஸ் மாஸ்டர் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டார். பதினேழு டேக்.

என் வீட்டுக்காரர் வாசித்த மெல்லிசைக் குழுவில் அவருக்கு இதே கெட்ட பெயர் உண்டு. எல்லோரும் ஆரம்பித்த பிறகு ஒரு தாளம் காத்திருந்து, தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் நுழைவார். மேடைக்குப் பின்னால் நின்று நான் பல்லைக் கடிப்பேன்.

தற்செயல். வெயிலில் பிள்ளைகள் சோர்ந்துவிட்டார்கள்.

மே 9, வெள்ளி

இன்றும் ஒரு தாளம் பின்னால்.

மகிழினி என்று எட்டு வயசுக் குழந்தை, அந்தப் பன்னிரண்டில் கெட்டிக்காரி. மதியம் அவளுக்குத் தயிர்சாதம் பிசைந்து கொடுத்துக்கொண்டே கேட்டேன்.

"பாட்டு ஆரம்பிச்ச உடனே ஏன்டா பாப்பா வாயத் தெறக்க மாட்டேங்கறீங்க?"

"அந்த சார் தலையாட்டணும்ல ஆன்ட்டி."

"எந்த சார்?"

"மாலை போட்ட சார். அவரு ஆட்டுனதுக்கு அப்பறம்தான் நாங்க."

தயிர்சாதம் வழக்கமான ருசியில்தான் இருந்தது. அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஊறுகாய் கேட்டாள்.

நான் எடுத்து வைத்த போட்டோக்களைப் பார்த்தேன். ஆறாம் தேதி அவர் கண் நேராக இருக்கிறது. இன்றைய போட்டோவில் கொஞ்சம் இடதுபுறம், பிள்ளைகளின் பெஞ்சு இருக்கிற பக்கம் பார்க்கிறது. லென்ஸ் மாற்றியிருப்பார்கள். கேமரா உதவியாளரிடம் கேட்டேன். மாற்றவில்லையாம்.

மே 10, சனி

சவுண்ட் இஞ்சினியர் புகார் செய்கிறார். அந்த வகுப்பறையில் யாரும் பேசாதபோதும் மைக்கில் ஒரு சத்தம் விழுகிறதாம். ஹார்மோனியத்தில் ஒரே கட்டையை அழுத்திப் பிடித்தது போல இருந்ததாம். ஃபேனை அணைத்தார்கள், ஜெனரேட்டரைத் தள்ளி வைத்தார்கள், போகவில்லை. செட்டில் இருக்கிற ஹார்மோனியம் வெறும் பொம்மை, உள்ளே ஒன்றும் கிடையாது. சூசை அதைத் திறந்தே காட்டினான்.

ஹெட்போனை என்னிடம் நீட்டினார்கள். காது வலி என்று சொல்லிவிட்டேன்.

மே 11, ஞாயிறு

லீவு. துணி துவைத்தேன். காலையிலிருந்து எழுதுவதா வேண்டாமா என்று பேனாவை மூடி மூடித் திறக்கிறேன்.

அவர் சாகவில்லை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் மலேசியாவில் நிகழ்ச்சி என்று போனார். குழு திரும்பி வந்தது, அவர் வரவில்லை. அங்கே ஒரு பெண்ணோடு குடித்தனம் என்று சேதி வந்தது. அடுத்த வருஷம் முதல் சினிமா வேலைக்காக ஒரு ஆபீஸில் உட்கார்ந்திருந்தபோது, மேனேஜர் "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்டார். "தவறிட்டார்" என்று வாயில் வந்துவிட்டது. அவர் எழுந்து நின்று, "உக்காரும்மா, காபி சாப்பிடு" என்றார். விட்டுவிட்டுப் போன புருஷன் என்று சொல்லியிருந்தால் காபி வந்திருக்காது, வேறு பேச்சு வந்திருக்கும். அன்றையிலிருந்து அதுவே கதையாகிவிட்டது. பூவையும் பொட்டையும் விட்டேன். இந்த டயரியிலும் அவர் இறந்த மாதிரியேதான் எழுதி வந்திருக்கிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன் அவர் திரும்பி வந்து மன்னார்குடியில் தங்கை மங்கை வீட்டில் இருக்கிறார். மங்கை எப்போதாவது போன் செய்வாள். அவரிடம் நான் பேசியதில்லை.

உயிரோடிருக்கிற மனுஷனுக்கு என் கையால் மாலை போட்டிருக்கிறேன். பூசணிக்காய் இல்லை, சிரிப்பும் இல்லை. கழிக்கச் சொல்ல வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் எப்படிச் சொல்வேன்?

மே 12, திங்கள்

மங்கை போன் செய்தாள். நான் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே அழுதாள்.

"அண்ணி, அண்ணனுக்குப் பக்கவாதம். ஒரு வாரமாவப் போவுது. பேச்சு இல்ல. வாய் அப்படியே இழுத்து மூடிக்கிச்சு. டாக்டரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவச் சொல்லிட்டாரு."

"என்னிக்கி?"

"ஆறாந் தேதி. டீ குடிச்சிட்டு இருந்தாரு. ஒம்போதரை இருக்கும், டம்ளர் கீழ விழுந்துச்சு. வாசல் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தவரு, அப்படியே நேராப் பாக்க ஆரம்பிச்சிட்டாரு."

ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்க்கத் தேவையில்லை. பார்த்தேன். 9.32.

மே 13, செவ்வாய்

படத்தை எடுத்துவிடலாமா என்று இளமாறனிடம் கேட்டேன். "பதினோரு சீன் முடிஞ்சிருச்சுக்கா, அது இல்லாம படமே இல்ல" என்று சிரித்தான். காரணம் கேட்கவில்லை. பாவம், புருஷன் படத்தைத் தினமும் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று நினைத்திருப்பான். போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

பிள்ளைகள் இப்போதெல்லாம் தூரத்தில் இருக்கும்போதே படத்தைப் பார்த்து வணக்கம் சொல்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. டான்ஸ் மாஸ்டர் பாட்டையே ஒரு தாளம் முன்னால் ஓட விட்டு, பிள்ளைகள் நுழைகிற இடத்தைச் சரிக்கட்டிவிட்டார். பெரிய புத்திசாலி.

அந்த மனுஷன் மேல் எனக்கு ஆசை மிச்சமில்லை. கோபம்கூட வற்றிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் கொன்றவள் என்று ஆகிவிடக் கூடாது. பெயர் போனால் போகட்டும்.

மே 14, புதன்

சொல்லிவிட்டேன்.

காலை டிபன் நேரத்தில் முதலில் பச்சையப்பனிடம் சொன்னேன். இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். "முதல்ல மாலையக் கழட்டுங்க. மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்" என்றார். அரைமணி நேரத்தில் யூனிட் முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. ரெஜினா மட்டும், "பதினெட்டு வருஷமா தலைல பூ இல்லாமயாக்கா?" என்று கேட்டாள்.

மங்கையை வீடியோவில் கூப்பிட்டேன். அவள் போனைக் கட்டிலருகே பிடித்தாள். என் போனை ஸ்டாண்டில் வைத்து, அதற்கு எதிரே பெரிய கேமராவை நிறுத்தினார்கள். கிளாப் அடித்தார்கள். லைட்மேன்கள் உள்பட அறுபது பேர் சுற்றி நின்றார்கள்.

நரைத்துப் போயிருந்தார். கன்னம் ஒட்டிவிட்டது. பத்தொன்பது வருஷம் கழித்து அந்த முகத்தைப் பார்த்ததும் முதலில் எனக்கு வந்தது கோபம்தான். வற்றவில்லை, அப்படியே இருந்திருக்கிறது. அழுகை அப்புறம்தான் வந்தது.

"சிரிங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

அவர் அசையவில்லை. பிள்ளைகளைப் பாடச் சொல்லலாம் என்றார் பச்சையப்பன். ஸ்பீக்கரைப் போடாமலே பாடினார்கள், சொந்தக் குரலில். பாட்டு ஆரம்பித்தது. ஒரு தாளம் கழித்து அவர் தலை தலையணையில் மெல்ல ஆடியது. வாயின் ஒரு பக்கம் திறந்தது. பாதிச் சிரிப்பு.

"கட், ஓகே" என்றான் இளமாறன். பூசணிக்காய் உடைத்தார்கள்.

மே 15, வியாழன்

மங்கை: கஞ்சி குடித்தாராம். பேச்சு வரவில்லை.

இங்கே சுவர் காலியாக இருக்கிறது. எடுத்த சீன்களில் முகத்தைக் கிராபிக்ஸில் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மீதி சீன்களுக்கு ஒரு முகம் வேண்டும். நடந்ததைப் பார்த்த பிறகு யார் கொடுப்பார்கள்? அறுபது பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"என் படத்த மாட்டுங்க" என்றேன். "பாட்டு வாத்தியார் பாட்டு டீச்சரா இருந்துட்டுப் போறாங்க."

பச்சையப்பன் சண்டை போட்டார். "கடைசி நாள் நானே ஒங்களச் சிரிக்க வெச்சுத்தான் அனுப்புவேன், சத்தியம்" என்ற பிறகுதான் விட்டார். சிரிக்க வைப்பதுதானே அவர் தொழில்.

ரிப்போர்ட்: சீன் 31, ஷாட் 1. மாலை ஏறிய நேரம் பகல் 12.05.

மே 16, வெள்ளி

மங்கை கத்தினாள், சந்தோஷத்தில். நேற்று மத்தியானத்திலிருந்து அவர் பேசுகிறாராம். குழறல்தான், ஆனால் புரிகிறதாம்.

எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

மே 17, சனி

பிள்ளைகள் இப்போது ஒரு தாளம் முன்னால் நுழைகிறார்கள். நான் எப்போதுமே அவசரக்காரி.

மகிழினியிடம் கேட்டேன். "நீங்கதான் ஆன்ட்டி கண்ணக் காட்டுனீங்க" என்றாள். அந்த நேரம் நான் கேமராவுக்குப் பின்னால் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

ரெஜினா எனக்கு மல்லிகைப்பூ கட்டிக்கொண்டு வந்தாள். வைத்துக்கொண்டேன். கண்ணாடியில் நன்றாகத்தான் இருந்தது. அறையே மணக்கிறது என்கிறாள். எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. வெயிலில் மூக்கு அடைத்திருக்கும்.

மே 20, செவ்வாய்

சூசை கண்ணாடி துடைப்பதற்காக என் படத்தை இறக்கி, மாலையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தான். பதினொன்று பத்திலிருந்து பதினொன்று நாற்பது வரை. எனக்கு அந்த அரைமணி நேரம் நன்றாக இருந்தது. டீயில் இஞ்சி மணந்தது. தலையில் இருந்த பூவும் மணந்தது.

மாலை நாலு மணிக்கு மங்கை போன் செய்தாள். "பதினோரு மணிக்கு மேல மறுபடியும் வாய் இழுத்துக்கிச்சு அண்ணி. அரைமணி நேரம் நான் செத்துப் பொழச்சேன். அப்பறம் தானாச் சரியாயிருச்சு. ஒங்களத்தான் கேட்டாரு. வனஜா எப்படி இருக்கா, நல்லாருக்காளான்னு கேட்டாரு."

நல்லா இருக்கேன்னு சொல்லு என்றேன்.

அந்த மாலைக்கு யாராவது ஒருவர் வேண்டியிருக்கிறது. இதை டயரியில் மட்டும்தான் எழுத முடியும். இளமாறனிடம் சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போவான்.

மே 22, வியாழன்

ரிப்போர்ட் அட்டையைப் பிடிக்கிற இடது கை மரத்துப்போகிறது. நாளை கடைசி நாள். சீலா மீனா, கிழங்கானா என்று கேண்டீனில் பெரிய வாக்குவாதம். கிழங்கான் ஜெயித்தது. எல்லோரும் ருசித்துச் சாப்பிட்டார்கள்.

மே 23, வெள்ளி

கடைசி ஷாட் நாலரைக்கு முடிந்தது. போட்டியில் பிள்ளைகள் மூன்றாம் பரிசு வாங்குகிறார்கள், ஏலக்காரர் அந்தக் கோப்பையையும் மேடையிலேயே ஏலம் விட ஆரம்பிக்கிறார். மத்தியானம் பச்சையப்பன் அதை நடித்தபோது, எடுத்துக்கொண்டிருந்த கேமராமேனே குலுங்கிச் சிரித்தார்.

கடல் பக்கம் மேகம் கறுத்து, தூறல் விழ ஆரம்பித்தது. பிள்ளைகளுக்கு ஏழு மணிக்கு ரயில். அம்மாக்கள் பெட்டியோடு வேனில் ஏறிவிட்டார்கள். படத்துக்கான பூசணிக்காயை அவசரமாக உடைத்தார்கள். பச்சையப்பனை அடுத்த படத்துக்காரர்கள் மூன்று மணிக்கே அழைத்துப் போய்விட்டார்கள். கடைசி ஷாட்டுக்கு அவர் முதுகு போதும் என்று டூப்பை வைத்து எடுத்தோம். கார் கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் யாரோ செல்ஃபி கேட்டார்கள்.

மகிழினி ஓடிவந்து டாட்டா சொன்னாள். எனக்கு இல்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள், அப்புறம் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள்.

கேமராவைப் பெட்டியில் வைக்கப் போனார்கள். இளமாறன் நனைந்துகொண்டே வழக்கம்போலத் திரும்பினான்.

"வனஜாக்கா, ஏதாவது பாக்கி இருக்கா?"

அவன் மறந்துவிட்டான். எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஞாபகப்படுத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பைக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது. மங்கையின் நம்பர். எடுத்தேன். மங்கை இல்லை.

"வனஜா" என்றார். நாக்கு இன்னும் தடிப்பாகத்தான் இருந்தது. கொஞ்சம் பொறுத்து, "சாப்ட்டியா?" என்றார். எப்போதும் போல ஒரு தாளம் தாமதம்.

"சாப்ட்டேன்" என்றேன். போனை மார்பில் சாய்த்துக்கொண்டு இளமாறனிடம் சொன்னேன்.

"ஒண்ணும் இல்ல தம்பி. பேக்கப்."

லைட் அணைந்தது.

டயரியில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். ரிப்போர்ட்டில் உள்ளதை உள்ளபடிதான் எழுத வேண்டும். கடைசிப் பக்கத்தை இப்போதுதான் முடித்தேன்.

சீன் 31 முதல் 58 வரை. சுவரில் படம்: வனஜா, வயது 51. வாய் மூடியிருக்கிறது, கண் நேராகப் பார்க்கிறது. மாலை இருக்கிறது. சிரிப்பு பாக்கி.